இடிப்பதா, பிரிப்பதா?

"வீட்டைப் பிரிக்கிறோம்; இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்" என்று கண்ணமங்கலத்திலிருந்து பெரியப்பா டெலிபோனில் சொன்னார்.

அதை அப்படியே என் மனைவியிடம் ஒப்பித்தேன். "பிரிக்கிறார்களா? போன மாசம் இடிக்கப் போவதாக அல்லவா சொன்னார்?" என்று கேட்டாள். வார்த்தைகளை எடை போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். வித்தியாசம் உறைத்தது என்னவோ அவளுக்குத்தான்.

இடிப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவில் எவ்வளவு பணம் கிடக்கிறது என்பதை அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். பணத்தைத் தவிர வேறு சிலவும் கிடக்கின்றன. உங்கள் குடும்பத்திலும் ஒரு பழைய வீடு இருந்து, அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது என்றால், இந்த வாரம் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. சந்தனத்துக்குப் பேர்போன மலை அது. ஆனால் சந்தனம் வீடு கட்ட உதவாது. வாசனைக்கும் வழக்குக்கும்தான் உதவும். வீட்டுக்கு வேண்டிய மரம் அந்த நாளில் மலையிலிருந்து மாட்டு வண்டியில் இறங்கியதாகப் பாட்டி சொல்லுவாள்.

எங்கள் வீட்டைப் பெரியப்பாவின் தாத்தா 1911-இல் கட்டினார். திண்ணையில் நாலு தூண். தூணின் தலையில் போதிகை, அதன் மேல் உத்தரம். குனியாமல் நுழைகிறவனை மண்டையில் குட்டி மரியாதை சொல்லிக் கொடுக்கிற தலைவாசல் நிலை. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். மேலே பனங்கை வாரைகள், நாட்டு ஓடு.

பின்கட்டில் நெல் அறை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்த மாதிரி ஏற்பாட்டைப் பத்தாயம் என்பார்கள். கல்லின் மேல் தூக்கிக் கட்டிய பலகைத் தரை, பலகைச் சுவர். முன்பக்கம் மட்டும் கதவு கிடையாது. இரண்டு தூண்களில் வெட்டிய பள்ளத்தில் பலகைகள் ஒன்றன் மேல் ஒன்றாக மேலிருந்து இறங்கும். நெல் ஏற ஏறப் பலகையும் ஏறும். நெல் குறையக் குறையப் பலகையை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். பஞ்சத்தையும் சுபிட்சத்தையும் பலகைக் கணக்கில் சொல்லிவிடலாம். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது கண்ணாமூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியே வந்ததும் உடம்பெல்லாம் சுணை அரிக்கும் என்பது தனி விஷயம்.

வீடு ஏன் போகிறது என்று கேட்பீர்கள். நாலு பங்காளிகள். மூன்று பேர் வெளியூர். ஓடு ஒழுகுகிறது, மேற்குச் சுவரில் கரையான் ஏறிவிட்டது. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் இரண்டு அறையும் வழுக்காத குளியலறையும் போதும். இதில் யாரைக் குற்றம் சொல்ல?

பின்கட்டு பெங்களூரிலிருக்கும் தம்பியின் பங்கு. அவன் டெலிபோனிலேயே ஒரு காண்ட்ராக்டரிடம் பேசி முடித்துவிட்டான். இடிப்பதற்குக் கூலி இல்லை. கிடைக்கிற சாமானெல்லாம் இடிப்பவருக்கு. தம்பிக்கு மகா சந்தோஷம். காலணாச் செலவில்லாமல் மனை காலியாகிறது! காலை ஒன்பது மணிக்கு மண்வாரி யந்திரம் வந்தது. அதன் நீண்ட கை ஒரு தட்டுத் தட்டியது. நெல் அறை உட்கார்ந்துவிட்டது. எல்லாம் முடிய அரை மணி ஆகவில்லை என்கிறார் பெரியப்பா. நூறு வருஷம் பள்ளத்தில் வழுக்கி ஏறி இறங்கிய பலகைகள் சிம்பு சிம்பாகப் பிளந்தன. கடைசியில் இடிப்பவருக்கும் அதில் லாபமில்லை. சுண்ணாம்பும் மண்ணும் கலந்த அந்தக் குவியல் செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று.

அன்று மாலைதான் பெரியப்பா எனக்குப் போன் செய்தது. 'இடிக்கிறோம்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து மறைந்ததும் அன்றுதான்.

நான் போன அன்று காலை ஒரு மர வியாபாரி வந்திருந்தார். தூணை விரலால் தட்டினார், நிலையை அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "தேக்கு இல்லீங்களே! காட்டு மரம். விறகுக் கணக்குத்தான் போடணும். மொத்தமா ஒரு தொகை பேசிக்கலாம்" என்றார். பெரியப்பா தலையை ஆட்டப் போன சமயத்தில் பெரியம்மா உள்ளேயிருந்து, "ஆசாரி வரட்டும்" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

ஆசாரியாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் தூணைத் தட்டவில்லை. தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்துப் பெரியம்மா டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் உளியை எடுத்து, தூணின் பின்புறத்தில் யார் கண்ணிலும் படாத இடத்தில் நாலு சீவல் சீவி அந்தத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேயிலைத் தண்ணீர் மாதிரி நிறம் மாறிற்று.

"வேங்கை" என்றார் ஆசாரியார். வியாபாரி ஓட்டின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்.

வேங்கை மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிற வழக்கம் உண்டல்லவா? அதே சாயம்தான். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சர்க்கரை வியாதிக்காரர் ஒரு பிடி சீவலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டார். (டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடவேண்டாம் என்று வேலிக்கு மேல் கத்தினேன்.)

தலைவாசல் நிலையும் கதவும் வேறு. அங்கே சீவியதும் மெழுகும் தோலும் கலந்தாற்போல் ஒரு வாசனை வந்தது. விரலில் பிசுக்கென்று எண்ணெய்ப் பசை. சந்தேகமில்லாமல் தேக்கு. நூறு வருஷம் சாயமடித்து, எண்ணெய் தேய்த்து, புகை படிந்த மரத்தை மேலே பார்த்து யாரும் இனம் சொல்ல முடியாதாம். "தோலைப் பார்த்தா எல்லாரும் கறுப்புத்தான் தம்பி. கொஞ்சம் சீவிப் பார்க்கணும்" என்றார்.

பழைய மரத்துக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று விசாரித்தேன். மரத்தின் நடுவில் இருப்பது வயிரம்; அதைச் சுற்றியிருப்பது வெளிறு. காட்டில் மற்ற மரங்களோடு போட்டியிட்டு மெல்ல வளர்ந்த மரத்தில் வயிரம் நிறைய இருக்கும், வெளிறு கொஞ்சம். தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டுகிற மரத்தில் கணக்குத் தலைகீழ். வயிரத்திலுள்ள எண்ணெயும் ரசாயனங்களும் கரையானுக்குப் பிடிக்காது. வெளிறு என்றால் அதற்குப் பாயசம். போதாக்குறைக்கு, புது மரம் காய்கிறபோது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். 1911-இல் ஏற்றிய உத்தரம் முறுக்குவதையெல்லாம் எப்போதோ முறுக்கி முடித்துவிட்டது. இனி சாதுவாக இருக்கும்.

நம் நாட்டில் தேக்கைப் பயிராக நடுவது 1840-களில் நிலம்பூரில் தொடங்கியது. காட்டுத் தேக்குக்குப் பேர்போனது பர்மா. அங்கே மரத்தை உடனே வெட்ட மாட்டார்கள். அடியில் சுற்றிலும் பட்டையையும் வெளிறையும் வயிரம் தெரிகிற வரையில் செதுக்கி, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும்; காய்ந்தால்தான் மிதக்கும். பிறகு யானை இழுத்து ஓடையில் தள்ளும். மழையில் ஓடை பெருகினால் மரம் ஆற்றுக்கு வரும். ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் வந்து கப்பலேறும். இந்த மரத்துக்காக ஒரு ராஜ்யமே போயிருக்கிறது! கணக்கில் காட்டாமல் மரம் கொண்டு போனதாகச் சொல்லி பம்பாய்-பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு மன்னர் தீபாவின் தர்பார் பெரிய அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்துத்தான் 1885-இல் இங்கிலீஷ்காரர்கள் மாந்தலே மேல் படையெடுத்தார்கள்.

அப்படிக் கப்பலேறிய தேக்கில் கணிசமான பங்கு நம் செட்டிநாட்டில் வந்து இறங்கியது. ஒருவரால் கட்டிப் பிடிக்க முடியாத தூண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. 1948-இல் பர்மா சர்க்கார் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. அனுப்பிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பணம் நின்றது. வீடு மட்டும் நின்றது. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது, ஐம்பது என்று பங்குதாரர்கள். ஓடு மாற்றக்கூட ஒருமித்துக் கையெழுத்து வாங்க முடியாத வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அவற்றின் தூணும் கதவும் கண்ணாடிச் சட்டமும் அஞ்சறைப் பெட்டியும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். யாரோ ஒரு ஆச்சி மஞ்சளும் குங்குமமும் வைத்த நிலைப்படியின் மேல் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன என்பது கொஞ்சம் ஆறுதல்.

பிரித்த வீட்டை வேறு இடத்தில் நிறுத்தவே முடியாதா? முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில் நிற்கும் வீடுகளில் பல அப்படி வந்தவை. இடிபட இருந்த வீடுகளை வாங்கி, தூண் தூணாகக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். சீமையிலும் இது உண்டு. லண்டனில் 'லிபர்டி' என்று ஒரு பெரிய ஜவுளிக் கடை, 1924-இல் கட்டியது. இரண்டு பழைய போர்க் கப்பல்களை உடைத்து அந்த மரத்திலேயே கட்டிவிட்டார்கள். அந்தக் கப்பல்களில் ஒன்றின் பெயர் 'ஹிந்துஸ்தான்'! நம் பெயரைத் தாங்கிய கப்பலின் மேல் நின்று அந்த ஊர்ப் பெண்மணிகள் பட்டுத் துணி பேரம் பேசுகிறார்கள். சென்னையிலும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது, நெருக்க நெருக்கமாகப் போட்டிருக்கும் தேக்குச் சட்டங்களைத் தச்சர்கள் தேடி வந்து வாங்குவார்கள். உங்கள் வீட்டு ஜன்னல் ஒருவேளை மயிலாப்பூரில் யாருடைய தலைக்கு மேலேயோ இருந்ததாக இருக்கலாம்.

சரி, கண்ணமங்கலத்துக்குத் திரும்புவோம்.

மறுநாள் விடியற்காலையில் வேலை ஆரம்பித்தது. பிரிப்பது என்றால் கட்டியதைப் பின்னாலிருந்து படிப்பதுதான். கடைசியில் ஏறியது முதலில் இறங்கவேண்டும். முதலில் ஓடு. அப்புறம் ரீப்பர். அதற்கும் கீழே பனங்கை வாரை. வியாபாரி அந்த வாரைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆசாரியாரோ ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி வாங்கினார். "மத்த மரத்துக்கு வயிரம் உள்ளே, பனைக்கு வெளியே. கறுப்பு ஓடின பனை கிடைச்சா விடாதீங்க" என்றார். தொல்காப்பியர்கூட இதே வித்தியாசத்தை வைத்துத்தான் மரத்தையும் புல்லையும் பிரித்திருக்கிறார். அவர் கணக்கில் பனை ஒரு புல்! 2021 முதல் தமிழ்நாட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று ஆன பிறகு, முற்றின பனஞ்சட்டம் பழைய வீட்டில்தான் கிடைக்கும். ஆனால் வாரைகளில் மூன்றில் ஒன்று தேறவில்லை. நுனியில் ஊசித் துளைகள். தட்டினால் மாவு கொட்டியது. மாவு கொட்டினால் புழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் இருக்கிற நாற்காலிக்கும் விருந்து வைத்தது போலத்தான். அவற்றைத் தனியே ஒதுக்கிக் கொளுத்தினார்கள்.

பிறகு உத்தரத்தின் முறை. நான் இரும்புக் கடப்பாரையை எதிர்பார்த்தேன். ஆசாரியார் மரக் கொட்டாப்புளியை எடுத்தார். துளையில் நாக்கு நுழைத்து, குறுக்கே மூங்கில் ஆப்பு அடித்த வேலை, ஆணி இல்லை. ஆப்பை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தார்களோ, அதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து தட்ட வேண்டும். தெரியாமல் நெம்பினால் நாக்கு முறியும். நாக்கு முறிந்த உத்தரம் நீளத்தில் ஒரு அடி போனதாகக் கணக்கு. டொக், டொக்கென்று ஏழெட்டுத் தட்டு. ஆப்பு பல்லிக்குட்டி மாதிரி வெளியே குதித்தது.

உத்தரத்தைக் கயிறு கட்டி இறக்கியதும் போதிகையைத் தூக்கினார்கள். தூணின் தலையில், நூறு வருஷமாக வெளிச்சமே படாத இடத்தில், உளியால் 'உ' என்று செதுக்கியிருந்தது.

"ஆஹா, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்திருக்கிறார்கள்!" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

ஆசாரியார் சிரித்தார். "அது சுழி இல்ல தம்பி. ரெண்டு."

முதல் தூணில் ௧. இது ௨. அடுத்தது ௩. அதனதன் போதிகையிலும் உத்தரத்திலும் அதே எண். கீழே தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு, இடம் மாறிவிடாமல் மேலே ஏற்றுவதற்காகப் போட்ட அடையாளம். ஒவ்வொரு துளையும் ஒரே மாதிரி இருப்பதில்லையாம். இரண்டாம் தூணின் போதிகை மூன்றாம் தூணில் உட்காராது. நான் சென்னையிலிருந்து எண் எழுதவென்று வாங்கிப்போன சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவேயில்லை. எனக்கு முன்பே ஒருவர் அந்த வேலையை முடித்து வைத்திருந்தார். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தாத்தாவின் கணக்கு நோட்டில் 'தச்சுக் கூலி' என்று மட்டும் இருக்கிறது.

சாயங்காலம் வியாபாரி மறுபடியும் வந்தார். இப்போது மொத்தத் தொகை என்ற பேச்சை அவரே எடுக்கவில்லை. அளந்து பார்த்துக் கொடுத்தோம். கணக்கு சுலபம். நீளத்தை அடியில் எடுங்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுங்கள். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. பத்தடி நீளம், எட்டங்குலம், ஆறங்குலம் உள்ள உத்தரம் மூன்றே கால் கன அடிக்குச் சற்று மேலே வரும். அழுகின அடிப்பாகத்தைத் தள்ளிவிட்டு அளப்பதுதான் நியாயம்; மேற்கு மூலைத் தூணில் முக்கால் அடி தள்ளினோம். வேங்கைக்குத் தனி விலை, தேக்குக்குத் தனி விலை. முதலில் சொன்ன மொத்தத் தொகையைப் போல் மூன்று பங்குக்கு மேல் ஆயிற்று. அவரும் நஷ்டப்பட்டுப் போகவில்லை என்பது லாரி ஏற்றும்போது அவர் போட்ட சீழ்க்கையிலேயே தெரிந்தது.

போகும்போது மெதுவாக, "நிலைக்கு மேலே இருக்கிற கஜலட்சுமிப் பலகையை மட்டும் தனியாக் கொடுங்க, வெளிநாட்டுக்குப் போகும், நல்ல விலை வரும்" என்றார். இதில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். 1972-ஆம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத, கட்டடத்திலிருந்து கழற்றி எடுத்த சிற்ப வேலைப்பாட்டுப் பொருளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பெரியப்பா சட்டம் பேசவில்லை. "லட்சுமியை வெளியே அனுப்புகிறதாக இல்லை" என்று முடித்துவிட்டார்.

மர விஷயத்தில் பெண்மணிகளுக்கு இரண்டு வார்த்தை. பழைய கதவை வாங்கி மேஜையாக்குவது இப்போது நாகரிகம். பலகையை அறுக்கும் முன் உலோகம் கண்டுபிடிக்கிற கருவியை ஒருமுறை மேலே ஓட்டச் சொல்லுங்கள். உள்ளே தலை ஒடிந்து கிடக்கும் துரு ஆணி ரம்பத்தின் பல்லையும் போக்கும், அறுப்பவர் கண்ணையும் போக்கும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் வைத்து அதைத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். 'பழைய பர்மா தேக்கு' என்று சொல்லிச் சாயம் ஏற்றிய புது மரத்தைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் துளைகளின் உட்புறத்தையும் பாருங்கள். முகத்துக்கு வயசு ஏற்றத் தெரிந்தவர்கள் முதுகை மறந்துவிடுவார்கள்.

மூன்று தூண்களைப் பெரியப்பா விற்கவில்லை. புது வீட்டு முன் வராந்தாவில் அவை நிற்கப் போகின்றன. தலைவாசல் நிலையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐந்தரை அடி உயர நிலையில் நுழைய இந்தக் காலத்துப் பேரன்கள் ஆறடி வளர்ந்து நிற்கிறார்கள். எங்கள் சென்னை பிளாட்டுக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். லிஃப்டில் ஏறாது என்று மனைவி அளந்து பார்த்துச் சொல்லிவிட்டாள். இப்போதைக்கு அது மாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறது. அடுத்த தடவை போகும்போது முட்டுக்காட்டில் கேட்ட மாதிரி எங்கேயாவது கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா.

கிளம்புகிற அன்று காலை பின்கட்டுப் பக்கம் போனேன். விறகு லாரியில் ஏறாமல் தப்பிய ஒரே ஒரு பலகையை யாரோ மண்ணிலிருந்து எடுத்துக் கிணற்று மேடையில் சாத்தியிருந்தார்கள். நெல் அறைப் பலகை. உள்பக்கம் நெல் உராய்ந்து உராய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியப்பா அதைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது எங்கள் வீட்டில் அது புத்தக அலமாரியின் ஒரு தட்டு.

என் பெண் இரண்டாம் வகுப்பு. தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கே 'எ' என்று எழுதியிருக்கிறதே?" என்றாள்.

அது ஏழு என்று சொன்னேன். அந்தக் காலத்தில் ஏழை அப்படித்தான் எழுதுவார்கள் என்றும் சொன்னேன். அவள் விடவில்லை.

"அப்படியென்றால் மற்ற ஆறும் எங்கே?"